கால் ஊன்றாத பாதை

மழை ஓய்ந்து வாடை வீசத் தொடங்கியிருந்த ஒரு திங்கட்கிழமை விடியலில், வடதுறைக்கும் தென்துறைக்கும் நடுவே, ஆறு கடலுக்குள் போய் விழுகிற அந்த அகன்ற முகத்துவாரத்தின் தண்ணீர்மேல், இரண்டு சைக்கிள் ஒன்றையொன்று உரசாமல் போகிற அகலத்தில், காய்ந்த இறாலின் நிறத்தில் ஒரு பாதை கிடந்தது, இன்றைக்கும் கிடக்கிறது, வேண்டுமானால் நீங்களே வந்து பார்த்துக்கொள்ளலாம், ஆனால் சைக்கிளில் வர வேண்டும்.

எங்கள் ஊர்க்காரர்கள் எதற்கும் வாயைப் பிளந்து நிற்கிறவர்கள் இல்லை. வலை இழுக்கப் போனவர்கள்தான் முதலில் பார்த்தார்கள், பார்த்துவிட்டு, "ஏ, பாதை போட்டிருக்காவ போல, எலெக்சன் வருதோ?" என்று கேட்டுக்கொண்டு வேலையைப் பார்க்கப் போனார்கள். வெயில் ஏறினதும் ஆளாளுக்கு இறங்கிச் சோதித்தார்கள். நடந்து போனவன் முழங்கால் வரை சேற்றில் போனான், ஆடு வயிறு வரை போனது, ஐஸ் பெட்டி கட்டிய மொபெட்டை ஒருவன் வீறாப்பாக விட்டான், அந்த மொபெட் இன்னும் அடியில்தான் இருக்கிறது, அதில் நண்டு குடும்பம் நடத்துகிறது. கடைசியில் நண்டுக் கம்பெனி வாட்ச்மேன் அந்தோணிப்பிச்சையின் பிரேக் பிடிக்காத சைக்கிள், கரைச்சரிவில் அவரையும் தூக்கிக்கொண்டு தானாக இறங்கியது. பயத்தில் அவர் மிதித்தார், மிதிக்க மிதிக்கப் பாதை தாங்கியது, மிதித்துக்கொண்டே அக்கரைக்குப் போய்விட்டார், போனவர் தென்துறையில் ஒரு டீ குடித்துவிட்டு அதே சைக்கிளில் திரும்பி வந்து, "சைக்கிள மட்டுந்தான் விடுது" என்று சொன்னார். அதோடு சோதனை முடிந்தது.

சங்கதி இவ்வளவுதான்: காலால் மிதிக்கிற சக்கரம் உருண்டுகொண்டிருக்கும் வரை அது பாதை, காலை ஊன்றினால் அது ஆறு. நிற்கக் கூடாது, இறங்கக் கூடாது, திரும்பவும் முடியாது, திரும்புகிற அளவுக்கு அகலம் இல்லை. கோயிலுக்குப் பின்னால் தொடங்கி, உப்பளத்து வரப்பை ஒட்டிப் போய், அலையாத்திக் காட்டுக்குள் நுழைந்து, வேர்கள் சேற்றிலிருந்து விரல் நீட்டிக்கொண்டிருக்கிற இடங்களில் நெளிந்து, பூநாரைகள் கூட்டமாக நிற்கிற சதுப்பைத் தாண்டி, கடல் ஒரு பக்கமும் ஆறு ஒரு பக்கமும் வந்து முட்டிக்கொள்கிற நடு முகத்துவாரத்தில் லேசாக ஏறி இறங்கி, தென்கரைத் தோப்புக்குள் புகுந்து, சந்தைக்குப் போகிற ரோட்டில் கொண்டுபோய் விடுகிறது. பஸ் இல்லை, லாரி இல்லை, ஹார்ன் இல்லை, புகை இல்லை, சங்கிலி ஓடுகிற சத்தமும் உள்ளான் குருவிகள் கத்துகிற சத்தமும்தான். உலகத்தில் இவ்வளவு அழகான வழியே கிடையாது என்று வெளியூர்க்காரர்கள் சொல்கிறார்கள். இருக்கலாம், நாங்கள் நின்று பார்த்ததில்லை.

அதற்கு முன்னால் வடதுறையிலிருந்து சந்தைக்குப் போக வேண்டுமென்றால் கடலை விட்டு உள்ளே தள்ளி இருக்கிற பாலம் வரை போய்ச் சுற்ற வேண்டும், இரண்டு பஸ், அரை நாள், அதிலும் மீன்காரப் பெண்களைக் கண்டால் பஸ் நிற்காது, நின்றாலும் "கூடையோட ஏறாத, நாறுது" என்று விசில் ஊதிவிடுவார்கள், அந்த நாற்றத்தைத்தான் மத்தியானம் வீட்டில் குழம்பாக ஊற்றிப் பிசைந்து தின்பார்கள். ஆகவே பாதை வந்ததும் முதலில் சைக்கிள் தேடியவர்கள் பெண்கள்தான். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கொடுத்த சைக்கிள்கள், கோழி கட்டவும் வலை காயப்போடவும் ஆகிக்கொண்டிருந்த சைக்கிள்கள், ஒவ்வொரு வீட்டுப் பின்புறத்திலிருந்தும் எழுந்து வந்தன. கடற்கரை ஈரமணலில் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு பெண்கள் விழுந்து எழுந்து பழகினார்கள், புருஷன்மார்கள் பார்த்துச் சிரித்தார்கள், அடுத்த வாரம் அதே புருஷன்மார்கள் கேரியரில் உட்கார்ந்து சந்தைக்குப் போனார்கள். அப்படிப் பழகினவர்களில் ஒருத்தி கித்தேரி, ஐம்பதைத் தொட்டவள், அலுமினிய அன்னக்கூடையில் மீனை நிரப்பிக் கேரியரில் கட்டி எடுத்துப் போகிறவள். இந்தக் கதை அவளுடையது. என் பெயர் பெர்க்மான்ஸ், நானும் வடதுறைதான், விடியலில் தென்துறை பேக்கரிக்குப் போய் ரொட்டி எடுத்து வருகிறவன், அதனால் தினமும் அவளுக்கு எதிரே வருகிறவன். அவ்வளவுதான் எனக்கும் கதைக்கும் சம்பந்தம்.

முதல் நாளே ஒரு தவறு நடந்தது, அது எங்களுக்கு மட்டுமே நடக்கக்கூடிய தவறு. எங்கள் கோயிலில் காலை, நண்பகல், மாலை என்று மூவேளை மணி அடிக்கும், மணி கேட்டால் எந்த வேலையில் இருந்தாலும் நின்று, சிலுவை போட்டு, செபத்தைச் சொல்லி முடித்த பிறகுதான் அசைவோம், ஓடுகிறவன் நிற்பான், ஏலம் கூவுகிறவன் வாயை மூடுவான், அடித்துக்கொண்டிருக்கிற இரண்டு பேர்கூட விலகி நின்று சொல்லி முடித்துவிட்டு விட்ட இடத்திலிருந்து அடிப்பார்கள். அன்று நண்பகல் மணி அடித்தபோது பாதையில் இருந்த அத்தனை பேரும் ஒழுங்காக இறங்கி நின்றார்கள், நின்றபடியே உள்ளே போனார்கள், முழங்கால் போனது, இடுப்பு போனது, மார்பு போனது, ஒருவரும் செபத்தைப் பாதியில் விடவில்லை, ஆமென் சொன்ன பிறகுதான் "ஐயோ" என்று கத்தினார்கள். தண்ணீர் வற்றிக்கொண்டிருந்த நேரம், அதனால் உயிருக்குச் சேதம் இல்லை, சைக்கிள்களைத்தான் தூண்டில் போட்டு எடுக்க வேண்டியிருந்தது.

சாயங்காலம் ஊர் கூடியது. மணியை நிறுத்து என்று ஒரு கட்சி, பாதையை அடை என்று ஒரு கட்சி, இரண்டும் வேண்டாம் நண்பகலில் யாரும் போக வேண்டாம் என்று சோம்பேறிகளின் கட்சி. பங்குச்சாமி இளவயசுக்காரர், அவர் தாடையைத் தடவிக்கொண்டு, "காலு ஓடட்டும், மனசு நின்னாப் போதும், ஆண்டவர் கோவிக்க மாட்டார்" என்றார். ஊர் சரி என்றது. அன்றுமுதல் மணி அடித்தால் பாதைமேல் போகிறவர்கள் மிதித்துக்கொண்டே சிலுவை போட்டு, மிதித்துக்கொண்டே செபம் சொன்னார்கள், வடக்கே போகிறவன் முதல் பாதியைச் சொல்ல, தெற்கே போகிறவன் கடந்து போகும்போது மறு பாதியைச் சொல்லிவிட்டுப் போனான். கால் ஓடியது. மனசு நிற்கவில்லை, அதுதான் தொல்லையாகிப் போனது.

ஏனென்றால் நிற்கக் கூடாது என்று பழகின கால், கரைக்கு வந்தாலும் நிற்க மறுத்தது. பூசையில் முழங்காலிட்டவர்களின் குதிகால் துடித்துக்கொண்டிருந்தது, பந்தியில் உட்கார்ந்தவர்கள் இலைக்கு முன்னால் தொடையை ஆட்டினார்கள், பாயில் படுத்த புருஷனும் பெண்டாட்டியும் தூக்கத்தில் ஒருவரையொருவர் மிதித்தார்கள். படகு நிழலில் சீட்டாடுகிற கூட்டம் கலைந்தது, எவனாலும் ஒரு ஆட்டம் முடிகிறவரை உட்கார முடியவில்லை. டீக்கடைக்காரர் டிரம்மைக் கட்டிக்கொண்டு பாதையிலேயே ஓட்டினார், ஒரு கையில் ஹேண்டில்பார், ஒரு கையில் டம்ளர், குடித்தவர்கள் எதிரே வருகிறவனிடம் டம்ளரைக் கொடுத்தனுப்பினார்கள். ஒரு கல்யாணம் பாதையிலேயே பேசி முடித்தார்கள், பெண் வீட்டார் வலப்பக்கம், மாப்பிள்ளை வீட்டார் இடப்பக்கம், அலையாத்திக் காட்டில் ஆரம்பித்த பேச்சு தென்கரை வருவதற்குள் தேதி குறித்தாயிற்று, யாரும் முறுக்கிக்கொண்டு எழுந்து போக முடியாததால் அவ்வளவு சுமுகமான சம்பந்தம் எங்கள் ஊரில் நடந்ததே இல்லை. கைப்பிள்ளைகள் தொட்டிலில் தூங்க மாட்டேன் என்று அழுதன. சைக்கிளில் வைத்து ஒரு தடவை அக்கரை போய் வந்தால்தான் கண் செருகும்.

சர்க்கார் ஆட்களும் வந்தார்கள். சுற்றுலாவுக்காம், வாகனம் இல்லாத மிதிவண்டித் தடமாம், கைப்பிடிக் கம்பி, நிழற்குடை, படம் எடுத்துக்கொள்ள மேடை என்று திட்டம் வைத்திருந்தார்கள். ஜீப் கரையில் நின்றுவிட்டது, ஆளுக்கு ஒரு சைக்கிள் இரவல் வாங்கினார்கள், நாடாவை ஒரு முனையில் ஒருவர் பிடித்துக்கொண்டு மிதிக்க மறு முனையை இன்னொருவர் பிடித்துக்கொண்டு மிதிக்க, அளந்து அளந்து கடைசியில் இருவருக்கும் நடுவே இருந்த தூரத்தைத்தான் அளந்தார்கள். நிழற்குடைக்கு ஊன்றின கம்பம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே போய்விட்டது. திட்டத்தின் பெயர் எழுதின பலகையை மட்டும் கரையில் நட்டுவிட்டுப் போனார்கள், அதில் காக்கா உட்காருகிறது.

இனி கித்தேரிக்கு வருகிறேன். அவளுக்கு ஒரே தங்கை, பிரகாசி, தென்துறையில் கட்டிக்கொடுத்தது. இவர்களின் அப்பா தொம்மை, கித்தேரி வீட்டில் நெடுநாள் படுக்கையாகக் கிடந்து, பாதை வருவதற்குப் பல வருஷம் முந்தி, ஒரு ஐப்பசி மழையில் செத்துப்போனார். ஆற்றில் வெள்ளம், அவசரத்துக்கு மீன்தோணியைக்கூட இறக்க முடியவில்லை, தகவல் மட்டும் போனில் போனது. பிரகாசி பாலம் சுற்றி வரக் கிளம்பினாள், வழியில் வெள்ளம் ரோட்டை அறுத்துப் போட்டிருந்தது, லாரியில் கொஞ்சம், டிராக்டரில் கொஞ்சம், மிச்சத்தை நடந்து வந்தாள். எங்கள் வழக்கத்தில், பெட்டியை மூடுவதற்கு முன்னால் சொந்தபந்தம் எல்லாரும் முகத்தைப் பார்த்து, நெற்றியில் பெருவிரலால் சிலுவை போட வேண்டும், எல்லாரும் பார்த்தாயிற்று என்று மூத்த பிள்ளை வாய் திறந்து "மூடுங்க" என்றால்தான் மூடியைத் தூக்குவார்கள். மூத்தவள் கித்தேரி. அவள் சொல்லிவிட்டாள். பிரகாசி சேறு அப்பின சேலையோடு வந்து சேர்ந்தபோது நாங்கள் மண்ணைத் தள்ளிச் சமன் பண்ணிக்கொண்டிருந்தோம்.

பிரகாசி அழவில்லை. கல்லறைத் தோட்டத்தில், அத்தனை பேர் முன்னால், "எங்கப்பா மொகத்தக்கூட எனக்குக் காட்டலல்லா, இனி ஒன் வாசல மிதிச்சேன்னா நான் தொம்மை மவ இல்ல" என்றாள். கித்தேரியும் சும்மா இருக்கிற ஆளா? "நானும் ஒன்னத் தேடி வந்து நிக்க மாட்டேன், போ" என்றாள். அதற்குப் பிறகு கல்யாணம் காட்சி, திருவிழா, சாவு, எதிலும் அவர்கள் ஒரு பந்தலில் இருந்ததில்லை, இவள் வருகிறாள் என்று தெரிந்தால் அவள் போய்விடுவாள், அவள் இருக்கிறாள் என்று தெரிந்தால் இவள் வரமாட்டாள்.

பாதை வந்ததும் தென்துறைப் பெண்கள் எங்கள் பக்கத்து நண்டுக் கம்பெனிக்கு, நண்டு உடைத்துச் சதை எடுக்கிற வேலைக்கு வர ஆரம்பித்தார்கள். அவர்களில் பிரகாசியும் வந்தாள். காலையில் கித்தேரி மீன் கூடையோடு தெற்கே போவாள், பிரகாசி சாப்பாட்டுத் தூக்கோடு வடக்கே வருவாள், சரியாக நடு முகத்துவாரத்தில் இருவரும் கடப்பார்கள். கித்தேரி தண்ணீரைப் பார்ப்பாள், பிரகாசி ஆகாயத்தைப் பார்ப்பாள். அப்படியே ஒரு மாதம் போல ஓடியது. எங்களுக்கும் அது பழகிப்போனது.

பிறகு ஒரு நாள் காற்று பலமாக அடித்தது. பிரகாசியின் முந்தானை அவிழ்ந்து பின்சக்கரத்துப் பக்கம் பறந்தது. கித்தேரி கடக்கும்போது தண்ணீரைப் பார்த்துக்கொண்டே, "ஏட்டி, முந்தானையச் சொருவு, சக்கரத்துல சிக்கிரும்" என்று சொல்லிவிட்டாள், வாயிலிருந்து விழுந்த பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. பிரகாசி பதில் சொல்வதற்குள் இருவருக்கும் நடுவே தூரம் விழுந்துவிட்டது. மறுநாள் அதே இடத்தில், முந்தானையை இறுக்கிச் சொருகிக்கொண்டு வந்த பிரகாசி, "எஞ் சேல எனக்குத் தெரியும்" என்றாள். அதற்கு மறுநாள் கித்தேரி, "தெரிஞ்சாச் சரி" என்றாள்.

இப்படித்தான் அது ஆரம்பித்தது. கரையில் என்றால் ஒருத்தி முதலில் நிற்க வேண்டும், யார் முதலில் நிற்பது என்பதிலேயே இன்னொரு பத்து வருஷம் போயிருக்கும். பாதைமேல் நிற்கவே முடியாது, நிற்காதது யார் குற்றமும் இல்லை, அதனால் அவர்களால் பேச முடிந்தது. ஆனால் இரண்டு சைக்கிள் கடக்கிற நேரத்தில் ஒருத்தி ஒரு பேச்சுதான் பேச முடியும். இன்றைக்கு இவள் சொன்னால் நாளைக்குத்தான் அவள் பதில். நடுவே ஒரு பகல், ஒரு ராத்திரி, குழம்பு வைக்க வேண்டும், துணி துவைக்க வேண்டும், கோபத்தை அத்தனை நேரம் கெடாமல் வைத்திருப்பது மீனை வைத்திருப்பதைவிடக் கஷ்டம், ஐஸ் போடவும் முடியாது. சனிக்கிழமை வாங்கின பேச்சென்றால் ஞாயிறு முழுக்க வைத்துக்கொண்டு புரள வேண்டும்.

ஊருக்கு இதைவிட வேறென்ன வேண்டும். அந்த நேரத்துக்குப் பாதையில் கூட்டம் கூடியது, வேலை இல்லாதவர்கள்கூட இவளுக்குப் பின்னாலும் அவளுக்குப் பின்னாலும் வரிசையாக மிதித்தார்கள், காதில் விழுந்ததைக் கரைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள், நாளைக்கு என்ன பதில் வரும் என்று இரண்டு ஊரிலும் ஆளாளுக்கு எடுத்துக் கொடுத்தார்கள். நானும் ரொட்டி ஆறினாலும் பரவாயில்லை என்று பிரகாசியின் கூட்டத்துக்குப் பின்னாலேயே வரும்படி பார்த்துக்கொண்டேன்.

ஒரு புதன்கிழமை பிரகாசி கேட்டாள்: "அப்பாவ என்னத்துக்கு மூடச் சொன்ன?"

பாதை முழுக்க ஒரு மூச்சு நின்றதுபோல் இருந்தது, கால்கள் மட்டும் ஓடின. கித்தேரி அன்று மீனைப் பாதி விலைக்குக் கொடுத்துவிட்டு வந்தாள், சோற்றைக் குழைய விட்டாள், மறுநாள், "மழையில குழிக்குள்ள ஊத்து எடுத்துட்டு" என்றாள்.

"எடுத்தா என்ன, நான் வந்து கையால அள்ளிக் கொட்டியிருப்பேன்" என்றாள் பிரகாசி வெள்ளிக்கிழமை.

"ஊரே மூடு மூடுன்னு வந்து நின்னுது" என்றாள் கித்தேரி சனிக்கிழமை. இது எங்களுக்குச் சுருக்கென்றது. பொய்யில்லை, மழை வலுக்கிறது, எவ்வளவு நேரம்தான் நனைவது என்று நாங்கள்தான் சொன்னோம், அவரவருக்கு வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை பூசையில் யாரும் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

திங்கட்கிழமை பிரகாசி சொன்னாள்: "ஊரா அவருக்கு மவ? நீயும் நானுந்தான?"

அதற்குப் பதில் கித்தேரியிடம் இருந்தது. அது ஒரு பேச்சில் அடங்கவில்லை. செவ்வாய்க்கிழமை அவள் வாயைத் திறந்தாள், அதற்குள் பிரகாசி போய்விட்டாள். புதன்கிழமை "அது வந்து, ஏட்டி" என்றாள், அவ்வளவுதான் முடிந்தது. இதற்குமேல் எங்களால் தாங்க முடியவில்லை, ஊரே தூக்கம் கெட்டுக் கிடந்தது, கால்கள் இன்னும் வேகமாகத் துடித்தன, கொஞ்சம் மெதுவாக மிதித்தால் என்ன என்று ஒருவர், மெதுவாக மிதித்தால் கணுக்கால் வரை உள்ளே போகிறதே என்று ஒருவர். கித்தேரியின் புருஷன் இஞ்ஞாசி சாதுவான மனுஷன், அவள் அடுப்படியில் அந்தப் பேச்சைச் சொல்லிச் சொல்லிப் பார்க்கிறதைக் கேட்டுவிட்டு, "சுருக்கிச் சொல்லிப் பாரேன்" என்றார்.

"சுருக்குனா அது பொய்யாப் போவும்" என்றாள் கித்தேரி. அன்று ராத்திரி அவள் கால் மட்டும் பாயில் அசையாமல் கிடந்தது என்று இஞ்ஞாசி பிறகு எங்களிடம் சொன்னார், அவர் பயந்து எழுந்து மூச்சு வருகிறதா என்று பார்த்தாராம்.

மறுநாள் காலை ஏற்றம், கடல் தண்ணீர் உள்ளே வந்துகொண்டிருந்தது. எனக்கு முன்னால் பிரகாசி, அவளுக்குப் பின்னால் நண்டுக் கம்பெனி ஜெபமாலை, அப்புறம் ஸ்டெல்லா டீச்சர், அப்புறம் தென்துறையில் டீ குடித்துவிட்டு வருகிற அந்தோணிப்பிச்சை, அப்புறம் நான், எனக்குப் பின்னால் ஒரு பட்டாளம். எதிரே கித்தேரி வந்தாள். அடியில் மணல்திட்டு மேடாகக் கிடக்கிற இடம் ஒன்று நடு முகத்துவாரத்தில் உண்டு, அங்கே வந்ததும் அவள் மிதிப்பதை நிறுத்தினாள், இடது காலை எடுத்து, தரையில் வைக்கிறவள்போல் வைத்தாள். சைக்கிள் போனது, அன்னக்கூடை கவிழ்ந்து மீனெல்லாம் வந்த இடத்துக்கே போனது, கித்தேரி இடுப்பு வரை போய், வயிறு வரை போய், மணலைத் தொட்டு நின்றாள். அவள் நின்ற பாதி ஆறாகவும் மறு பாதி பாதையாகவும் இருந்தது.

"பைத்தியமா ஒனக்கு! நீச்சல் தெரியாதுல்லா!" என்று கத்திக்கொண்டே பிரகாசி கடந்து போனாள், அவளாக நினைத்துப் போகவில்லை, அவள் கால்கள் கொண்டுபோயின, நாலைந்து சைக்கிள் தூரம் போனதும் அந்தக் கால்கள் நின்றன. அவளும் உள்ளே போனாள். சேலை பலூன்போல் ஊத, தண்ணீரைக் கையால் விலக்கி விலக்கி அக்காவிடம் வந்தாள்.

நாங்கள் என்ன செய்ய முடியும். ஒவ்வொருவராக மிச்சமிருந்த பாதியில் அவர்களைக் கடந்தோம், கடக்கிற நேரத்தில் விழுந்ததுதான் அவரவர் காதுக்கு.

ஜெபமாலைக்கு விழுந்தது, கித்தேரி சொன்னது: "ஊரு சொன்னதுக்காவ இல்லட்டி. நீ வந்துருவேன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் மூடச் சொன்னேன்."

ஸ்டெல்லா டீச்சர் எப்போதும் கணுக்கால் நனைய மெதுவாக மிதிக்கிறவர், அதனால் அவருக்கு நீளமாகக் கிடைத்தது: "பீ மூத்திரம் அள்ளுனது நான். வாயில கஞ்சி ஊத்துனது நான். அவிய கண்ண முழிச்சா, பிரகாசி வந்துட்டாளா, பிரகாசி வந்துட்டாளான்னுதான் கேப்பாவ. எம் பேர ஒரு நாளு சொல்லல. செத்த பொறவாவது எனக்கு மட்டும் இருக்கட்டும்னு தோணிட்டு. அந்த மொகத்த ஒனக்குக் குடுக்க மனசு வரலட்டி."

அந்தோணிப்பிச்சைக்குப் பேச்சு எதுவும் கிடைக்கவில்லை, ஓர் அறை விழுந்த சத்தம் மட்டும் கேட்டது, யார் யாரை அடித்தது என்று கேட்டால் இன்றைக்கும் மாற்றி மாற்றிச் சொல்கிறார்.

பிறகு நான் வந்தேன். பிரகாசி அக்காவின் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டிருந்தாள், தண்ணீர் இருவருக்கும் மார்பைத் தொட்டிருந்தது. அவள் கேட்டாள்: "அப்பா மொகம் எப்பிடி இருந்துது, சொல்லு."

முறைப்படி நான் போய்க்கொண்டே இருக்க வேண்டும், எனக்குப் பின்னால் வருகிறவருக்குப் பதில் விழும். என் கால் போகவில்லை. யாரும் சொல்லாமலே அது கீழே இறங்கிவிட்டது, நான் ரொட்டிப் பெட்டியோடு உள்ளே போனேன், எனக்குப் பின்னால் வந்தவர்களும் ஒவ்வொருவராக இறங்கினார்கள், முன்னால் போயிருந்த ஜெபமாலையும் டீச்சரும் வாட்ச்மேனும் இறங்கினார்கள், கித்தேரிக்குப் பின்னால் வந்துகொண்டிருந்த மீன்காரப் பெண்களும் இறங்கினார்கள். சவம் தூக்கிப் போகும்போது வண்டியை விட்டு இறங்கி ஓரமாக நிற்போமே, அப்படி, அந்த மணல்திட்டு நெடுக, நெஞ்சளவு தண்ணீரில் இரண்டு வரிசையாக நின்றோம். அத்தனை மாதங்களில் அன்றைக்குத்தான் எங்கள் கால்கள் அடங்கின. எனக்கு அழுகை வந்தது, பக்கத்தில் நின்ற அந்தோணிப்பிச்சையும் மூக்கை உறிஞ்சினார்.

கித்தேரிக்கு அப்படியே தொம்மையின் சாயல், அந்த அகன்ற நெற்றி, அந்தத் தடித்த கீழுதடு, ஊரில் எல்லாரும் சொல்வதுதான். அவள் கண்களை மூடினாள். தலையைக் கொஞ்சம் இடது பக்கமாகச் சாய்த்தாள். தாடையைத் தளரவிட்டாள், வாய் லேசாகத் திறந்தது, ஒரு புருவம் மட்டும், யாரோ கூப்பிட்டதுபோல, சற்று மேலே போய் நின்றது. நாங்கள் பார்த்த முகம் அது, மழை நாளில் பெட்டிக்குள் அப்படித்தான் அவர் இருந்தார், எங்களில் வடதுறைக்காரர்கள் அத்தனை பேரும் பார்த்திருந்தோம், அவர் பெற்ற பிரகாசிதான் பார்த்ததில்லை.

பிரகாசி பார்த்தாள். ஈரக் கையால் அந்தக் கன்னத்தைத் துடைத்து, நரைத்த முடியை நெற்றியிலிருந்து ஒதுக்கி, எவ்வளவு பார்க்க வேண்டுமோ அவ்வளவும் பார்த்தாள், யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை. பிறகு பெருவிரலை எடுத்து நெற்றியில் மேலிருந்து கீழாகவும் இடமிருந்து வலமாகவும் இழுத்தாள். "அப்பா" என்று ஒரு தடவை கூப்பிட்டாள். கித்தேரி முகத்தை அப்படியே வைத்துக்கொண்டிருந்தாள், மூடின இமைகளின் ஓரத்தில் தண்ணீர் வழிந்தது, கடல் தண்ணீர் அதற்குள் இருவரின் கழுத்துக்கும் வந்துவிட்டிருந்தது.

"அக்கா" என்றாள் பிரகாசி, அவள் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு. "கண்ணத் தொற. தண்ணி ஏறுது."